பாவு முதல் பந்தல் வரை: நெசவுக் கேள்வி பதில்

நூற்பு, நெசவுக் கண்காட்சிக்குத் தயாராகும் கைத்தறிக் குழுக்களிடமிருந்து இம்முறை கடிதங்கள் சேர்ந்தாற்போல் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய தமிழ் ஊர்களிலிருந்து. மற்றவை கேரளத்தின் பாலராமபுரம், ஆந்திரத்தின் நகரி, புத்தூர் பக்கம். எழுதியவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

ஜனவரியில் 3 நாள் கண்காட்சி. பள்ளிக்கூட ஹாலில் ஒரு தறி போட்டு, வருகிறவர்கள் கண்முன்னே தோர்த்து (துண்டு) நெய்து காட்ட எண்ணியிருக்கிறோம். என்ன நம்பர் நூல் வாங்குவது? எத்தனை மீட்டர் பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) ஓட்டுவது?
வாசகி, கொழிஞ்சாம்பாறை

காட்சித் தறிக்கு ஒற்றை இழை நூல் வேண்டாம். 2/40 முறுக்கு நூல் வாங்குங்கள். 40-ஆம் நம்பர் நூலை இரண்டிரண்டாகச் சேர்த்து முறுக்கியது அது. எடைக் கணக்கில் 20-ஆம் நம்பருக்குச் சமம். இரட்டை இழை என்பதால் கஞ்சி போடாமலே ஓடும், சிம்பு (இழையிலிருந்து துருத்தும் நார்) குறைவு, பத்தடி தள்ளி நிற்பவருக்கும் இழை கண்ணுக்குத் தெரியும். மெல்லிய நூலில்தான் நம் திறமை தெரியும் என்று சில குழுக்கள் 80, 100 நம்பரில் இறங்குகிறார்கள். அந்தத் துணியை நெய்து முடித்து மேசையில் வையுங்கள். கூட்டத்துக்கு நடுவே அறுந்த இழையைத் தேடிக்கொண்டிருந்தால் பார்க்க வந்தவர் நெசவைப் பார்க்காமலே போய்விடுவார்.

கணக்குக்கு ஓர் எண் போதும். 1-ஆம் நம்பர் பருத்தி நூல் ஒரு கிராமுக்கு 1.69 மீட்டர் ஓடும். அப்படியானால் 20-ஆம் நம்பர் கிராமுக்கு 33.8 மீட்டர். அச்சில் (பாவு இழைகளைப் பிரித்து, குறுக்கு நூலை அடித்து நெருக்கும் சீப்பு) 30 அங்குல அகலம், அங்குலத்துக்கு 36 இழை என்று வையுங்கள்: மொத்தம் 1,080 இழை. 36-ஆம் நம்பர் அச்சில் (2 அங்குலத்துக்கு 36 பல்) பல்லுக்கு 2 இழை கோத்தால் இந்தக் கணக்கு வரும். பாவு நீளம் 10 மீட்டர் என்றால் 10,800 மீட்டர் நூல், அதாவது 320 கிராம். கரைக்கும் கழிவுக்கும் சேர்த்து 350 கிராம் எடுத்துவையுங்கள்.

10 மீட்டர் பாவில் 10 மீட்டர் துணி வராது. முன்னும் பின்னும் கட்டுவதில் ஒரு மீட்டர் போகும். இழை மேலும் கீழுமாக வளைந்து போவதால் இன்னும் அரை மீட்டர் சுருங்கும். கையில் நிற்பது சுமார் 8.5 மீட்டர். அங்குலத்துக்கு 36 ஊடை (குறுக்கு நூல்) போட்டால் 12,000 ஊடை இழைக்கு மேல் வரும். ஒவ்வொன்றும் 30 அங்குலம். அது ஏறக்குறைய 9,200 மீட்டர், 272 கிராம். தார்க்குச்சியில் (ஊடை நூல் சுற்றும் குச்சி) மிஞ்சுவதையும் சேர்த்து 300 கிராம் வையுங்கள். ஆக, பாவும் ஊடையும் 650 கிராம். ஒரு கிலோவாக வாங்கினால் நிம்மதி.

நிறுத்தி நிறுத்தி விளக்கம் சொல்லிக்கொண்டு நெய்தால் மணிக்கு அரை மீட்டர்தான் ஏறும். நாளைக்கு 5 மணி நேரம் என்றால் 3 நாளில் 7.5 மீட்டர். மிச்சமுள்ள ஒரு மீட்டரைக் கண்காட்சிக்கு 4 நாள் முன்பே, அதே ஹாலில், அதே தறியில் நெய்து பாருங்கள். விழுதில் (பாவு இழைகளைத் தூக்கி இறக்கும் கண்ணிகள்) தாண்டிப்போன இழை, அச்சின் ஒரு பல்லில் மூன்றாக விழுந்த இழை, ஒரு பக்கம் தளர்ந்த பாவு எல்லாம் அந்த ஒரு மீட்டரில் வெளியே வந்துவிடும். பாவு பிணைக்க ஒரு முழுப் பகல் தனியாக ஒதுக்குங்கள். அதை முந்தின ராத்திரிக்குத் தள்ளிவைத்த தறிதான் முதல் நாள் காலையில் படுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. பாவு வெள்ளையாக இருக்கட்டும், ஊடை கரும்பச்சையோ செங்காவியோ போடுங்கள். வெள்ளையில் வெள்ளை நெய்தால் எந்த இழை மேலே, எந்த இழை கீழே என்று புதியவருக்குப் பிடிபடாது.

வீட்டில் அருமையாக ஓடிய பாவு, போன கண்காட்சியில் ஹாலுக்குக் கொண்டுபோனதும் அறுந்துகொண்டே இருந்தது. 60-ஆம் நம்பர், கஞ்சி போட்ட பாவு. திருஷ்டி என்கிறார்கள். உண்மையில் என்ன காரணம்?
வாசகர், பாலக்காட்டுச் சித்தூர்

காற்றுதான் காரணம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக் கிடக்கிறது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து அந்த வழியாக வறண்ட காற்று வீசும். உங்கள் தாலுகா அதன் வாசலிலேயே இருக்கிறது. பருத்தி இழைக்கு ஈரம் இருந்தால் பலம் கூடும், காய்ந்தால் குறையும். நூல் வியாபாரத்திலேயே 8.5 சதவீத ஈரம் இயல்பு என்று வைத்துத்தான் எடை போடுகிறார்கள். இழையின் மேல் படிந்த கஞ்சியும் காய்ந்தால் மொறமொறப்பாகிவிடும். விழுதுக் கண்ணிலும் அச்சுப் பல்லிலும் உரசும்போது அது உடைந்து உதிரும். அதன்பின் இழை வெறுமையாக நின்று அறும்.

வீட்டில் இருப்பது குழித்தறி, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நெய்வது. மண் தரை, பாவு தரையை ஒட்டி ஓடுகிறது, குழிக்குள்ளிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஹாலில் சிமெண்ட் தரை, உயரமான கூரை, தலைக்கு மேல் நான்கு மின்விசிறி. பாவு அதேதான், காற்று வேறு.

அறுப்புக்கு எப்போதும் ஈரம் மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் விழுதுக்குக் கீழே தரையைப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்திருந்தால் கஞ்சி காய்ந்துவிட்டது, அல்லது கஞ்சியில் எண்ணெய் போதவில்லை. தூள் இல்லாமல் அச்சுக்குப் பின்னால் பஞ்சு உருண்டை உருண்டையாகச் சேர்ந்தால் கஞ்சி பற்றவில்லை, சிம்பு கிளம்புகிறது. அறுகிற இடம் ஒவ்வொரு முறையும் அதே இழை என்றால் அந்த விழுதுக் கண்ணோ அச்சுப் பல்லோ சொரசொரப்பாக இருக்கிறது. விரல் நகத்தால் தடவினாலே தெரியும். கரையோரத்தில் மட்டும் அறுந்தால் ஊடை இறுக்கமாக விழுந்து துணி உள்வாங்குகிறது. அகலத்தை இழுத்துப் பிடிக்கும் மூங்கில் கம்பை இரண்டு விரற்கடை நெய்ததுமே அடுத்த இடத்துக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள்.

காற்றின் வறட்சிதான் காரணம் என்று தெரிந்தால், கிழக்குப் பக்கத்து ஜன்னல்களை அடைத்துவிடுங்கள். தறிக்கு மேலுள்ள மின்விசிறியை நிறுத்துங்கள். பாவுக்குக் கீழே, அதில் படாதபடி, ஈரச் சாக்கை விரித்து இரண்டு மணிக்கொரு முறை நனையுங்கள். ஒரு சிறிய ஈரமானி வாங்கித் தறிக் காலில் மாட்டி, 65-க்கும் 75 சதவீதத்துக்கும் நடுவே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பாவின் மேல் நேராகத் தண்ணீர் தெளிப்பதை மட்டும் செய்யாதீர்கள். நனைந்த இடத்தில் கஞ்சி இளகி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும். நனையாத இடம் இறுகி நிற்கும். இரண்டும் சேர்ந்து, மிதியை (காலால் அழுத்தும் கட்டை) போடும்போது இழைகளுக்கு நடுவே ஊடை போகும் வாய் திறக்காது.

எங்களிடம் இருப்பது குழித்தறி மட்டும். டைல்ஸ் போட்ட மண்டபத்தில் குழி தோண்ட முடியாதே?
வாசகர், கொல்லங்கோடு

குழியைத் தோண்ட முடியாவிட்டால் நெசவாளரை உயர்த்திவிடுங்கள். கால் தொங்கும் ஆழம் இரண்டரை அடி வேண்டும். அந்த உயரத்துக்குக் கட்டை அடித்து உட்காரும் மேடை போட்டு, தறியின் நான்கு கால்களையும் அதே மட்டத்துக்கு ஏற்றிவிட்டால் மிதி கீழே தொங்கும். மேடை ஆடக்கூடாது, ஆடினால் ஒவ்வொரு அடிக்கும் அச்சு ஒரு பக்கமாக விழும்.

சட்டத்தைப் பூட்டியதும் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளவு நாடா வைத்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை அங்குலம் வித்தியாசம் இருந்தால்கூடத் துணி ஒரு கரையில் நெருக்கமாகவும் மறு கரையில் தளர்வாகவும் வரும். நெசவாளர் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். மட்டம் பார்க்கக் கொத்தனாரின் தண்ணீர்க் குழாயே போதும். டைல்ஸில் தறி வழுக்கி நகரும். கால்களுக்கு அடியில் ரப்பர் பாய்த் துண்டும் பக்கத்தில் மணல் மூட்டையும் வையுங்கள்.

ஆகஸ்ட் 7 கைத்தறி நாளை ஒட்டிக் கண்காட்சி வைக்கிறோம். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதை அப்படியே பள்ளி மைதானத்தில் செய்து காட்டலாமா? இளையவர்கள் பலர் இதைப் பார்த்ததே இல்லை.
வாசகர், பாலராமபுரம்

கட்டாயம் செய்து காட்டுங்கள். தறி ஓடுவதை எங்கும் பார்க்கலாம். தெருப் பாவு பார்க்கக் கிடைக்கும் இடம் குறைந்துகொண்டே வருகிறது. எறிநாடாக் குழித்தறியில் (ஊடையைக் கொண்டுபோகும் நாடாவைக் கையால் எறியும் தறி) நெய்யும் மெல்லிய பாலராமபுரம் துணிக்கு அந்தத் தரம் வருவதில் பாதி இந்தக் கஞ்சி வேலையில்தான் இருக்கிறது. 1905 ஆகஸ்ட் 7-இல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியதை நினைத்து 2015 முதல் இந்த நாள் கொண்டாடப்படுகிறது. ஆனால் உங்கள் ஊரில் அது மழைக்காலம். மேலே தகரமோ தார்ப்பாயோ போட்ட நீளமான இடம் கையில் இருக்கட்டும். முழுப் பாவு வேண்டாம், 12 முதல் 15 மீட்டர் போதும்.

ஒரு கிலோ நூலுக்கு 120 கிராம் பச்சரிசி. முந்தின இரவே ஊறவைத்து, மையாக அரைத்து, ஒன்றரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, கைவிடாமல் கிளறிக் காய்ச்சுங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்ட கட்டி ஒவ்வொன்றும் தறியில் ஓர் அறுப்பு. சூடு ஆறும் முன் 10 மில்லி தேங்காய் எண்ணெய் விட்டுக் கலக்குங்கள். எண்ணெய் இல்லாத கஞ்சி விறைத்து உடையும், அதிகமானால் இழையில் பற்றாமல் வழுக்கும்.

பாவைக் கவைகளில் (கிளைத்த கம்புகள்) இழுத்துக் கட்டி, அகலமாகப் பரப்பி, இழை பிரிக்கும் குச்சிகளைச் சீரான இடைவெளியில் செருகுங்கள். கஞ்சியை மேலும் கீழும் தடவியதும் இரண்டு பக்கமும் ஆள் நின்று தூரிகையால் ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போக வேண்டும். திசை மாறினால் படுத்த சிம்பு மறுபடி எழும். இதில் தவறக்கூடாத நேரம் ஒன்று உண்டு. இழை பாதி காய்ந்து, தொட்டால் ஈரம் தெரிந்தும் கையில் ஒட்டாத நிலையில், குச்சிகளை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்த்திவிட வேண்டும். அந்த நேரத்தை விட்டுவிட்டால் இழைகள் பாளம்பாளமாக ஒட்டிக் காயும். பிறகு பிரிக்கும்போது சிம்பு உரிந்து, போட்ட கஞ்சியெல்லாம் வீண். விடிகாலையில் இந்த வேலையை வைத்துக்கொள்வதற்குக் காரணமும் இதுதான். வெயில் ஏறிவிட்டால் தூரிகை முந்துவதற்குள் கஞ்சி காய்ந்துவிடும். எனவே 6 மணிக்குத் தொடங்குங்கள். பார்வையாளர்களையும் அந்த நேரத்துக்கே அழையுங்கள். 10 மணிக்கு வருகிறவருக்குக் காட்ட காய்ந்த பாவுதான் இருக்கும்.

முற்றும் காய்ந்த பிறகே சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் மழைக்கால ஈரத்தில் பூசணம் பிடித்துக் கரும்புள்ளி விழும். அதைத் தடுக்கக் கஞ்சியில் மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது விஷம். குழந்தைகள் கை வைத்துப் பார்க்கும் பாவில் சேர்க்காதீர்கள்.

எங்கள் குழுவில் 6 பேர் பெட்டி ராட்டையில் நூற்கிறோம். மலையாளம் பேசும் சேச்சிகளும் சேர்ந்திருக்கிறார்கள். தனியாக நூற்றால் வருகிறது, யாராவது பார்த்தால் அறுந்து போகிறது. பட்டை (நூற்கச் சுருட்டிய பஞ்சு) சரியில்லையா, கை சரியில்லையா?
வாசகி, வேலந்தாவளம்

அறுந்த நுனியைப் பாருங்கள், அதிலேயே விடை இருக்கும். நுனி மெல்ல மெல்ல இளைத்துப் பஞ்சுபோல் முடிந்தால் முறுக்குப் போதவில்லை, நார்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுவிவிட்டன. நுனி மொட்டையாக அறுந்து, இழை தானே சுருண்டு கொக்கி போட்டால் முறுக்கு மிஞ்சிவிட்டது. ஆள் பார்க்கும்போது கை பஞ்சை இழுக்கத் தயங்கும், ஆனால் சக்கரம் சுற்றும் வேகம் குறையாது. அதனால் உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. சக்கரத்தை மெதுவாக்குங்கள், கையை அல்ல.

கை சரியாக இருந்தும் அறுந்தால் கதிரை (சுழன்று நூலை முறுக்கும் கம்பி) கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுங்கள். தடதடவென்று குதித்தால் வளைந்திருக்கிறது. இழை ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உதறல் வாங்குவதால் அறுகிறது. சக்கரத்தின் கயிறு வழுக்கினால் முறுக்கு ஓரிடம் ஏறி ஓரிடம் ஏறாமல் போகும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருக்கிக் கயிற்றில் தேய்த்தால் பிடிமானம் வரும். கதிர் தாங்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் போதும், கூடினால் நூலில் கறை.

பட்டையை எப்படிக் கொண்டுபோகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். பைக்குள் அமுக்கிக் கொண்டுபோன பட்டையில் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து கட்டி கட்டியாக இழுபடும். அட்டைப் பெட்டியில், காகிதத்தில் தளரச் சுருட்டி, ஒன்றின் மேல் ஒன்று அழுந்தாமல் வையுங்கள்.

நூலின் நம்பர் கேட்டு வருகிறவர்கள் உண்டு. கதர் நூற்பில் ஒரு சிட்டம் (நூல் கட்டு) 1,000 மீட்டர். அதை நிறுத்துப் பாருங்கள்: 30 கிராம் இருந்தால் 1,000-ஐ 30-ஆல் வகுக்க 33 மெட்ரிக் நம்பர். அதை 1.69-ஆல் வகுத்தால் மில் கணக்கில் ஏறக்குறைய 20-ஆம் நம்பர். அந்த நூலைப் பாவுக்கு வைத்தால் அங்குலத்துக்கு 20 முறுக்கு வேண்டும், ஊடைக்கு 16 போதும். ஓர் அங்குல நூலை இரு முனையிலும் பிடித்து, ஊசியால் முறுக்கைப் பிரித்து எண்ணலாம். இதையே ஒரு சிறு காட்சியாக வைக்கலாம். பூதக்கண்ணாடியும் கறுப்புத் துணியும் போதும்.

நூற்ற சிட்டத்தைத் தண்ணீரில் நனைத்து, லேசான எடை கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தால் முறுக்கு நிலைக்கும். நனைக்காத நூல் தார் சுற்றும்போதே சுருண்டு வம்பு செய்யும்.

மேசையில் பருத்திக் காயிலிருந்து வரிசையாக வையுங்கள்: வெடித்த காய், கொட்டையோடு கூடிய பருத்தி, கொட்டை நீக்கிய பஞ்சு, வில்லடித்த பஞ்சு, பட்டை, நூல். ஒரு கிலோ கொட்டைப் பருத்தியில் பஞ்சு தேறுவது மூன்றில் ஒரு பங்குதான். அந்த எடைகளை எதிரெதிரே வைத்தால் துணியின் விலைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. ஆந்திரத்தின் பொந்தூருவில் பஞ்சைச் சீவ வலுகா மீனின் தாடை எலும்பைப் பயன்படுத்துகிறார்கள். 100-ஆம் நம்பர் வரை மெல்லிய நூலைக் கையால் நூற்பது அங்கே வழக்கம். அதன் படம் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டலாம்.

பாவுக்கு மில் நூல், ஊடைக்கு நாங்கள் நூற்ற நூல். இதைக் 'கதர்' என்று எழுதி விற்கலாமா?
வாசகி, வேலந்தாவளம் (மேற்படி குழு)

கூடாது. 1956-ஆம் ஆண்டு கதர், கிராமத் தொழில் ஆணையச் சட்டத்தின்படி கையால் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்தால்தான் கதர். பாவு மில் நூல் என்றால் அது கைத்தறித் துணி, கதர் அல்ல. முழுக்கக் கைநூற்பு ஆனாலும் கதர் என்ற பெயரில் விற்க 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி கதர் முத்திரை பெற்றிருக்க வேண்டும்.

சீட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: "பாவு: மில் நூல், 2/40. ஊடை: கைநூற்பு, சுமார் 20-ஆம் நம்பர். கைத்தறி. நெய்த ஊர்." இப்படி எழுதிய சீட்டைப் பார்த்து யாரும் துணியைக் கீழே வைத்துவிட்டுப் போவதில்லை. பொதுவாகக் 'கதர்' என்று போட்டுவிட்டு, விவரம் தெரிந்த ஒருவர் பாவு எது என்று கேட்டால்தான் மற்ற துணிகளின் மேலும் சந்தேகம் விழும். கைத்தறிக்கென்று 2006 முதல் இருக்கும் கைத்தறி முத்திரைக்கு உங்கள் குழு விண்ணப்பிக்கலாம்.

எங்கள் ஊர் முழுக்க விசைத்தறி. கைத்தறிக் கண்காட்சியில் 'இது கைத்தறி, இது விசைத்தறி' என்று பார்த்தவுடன் கண்டுபிடிக்க என்ன அடையாளம் சொல்லலாம்?
வாசகர், நகரி

பார்த்தவுடன் சொல்லும் உறுதியான அடையாளம் எதுவும் இல்லை. அப்படி ஒன்று இருப்பதாக எழுதி ஒட்டாதீர்கள். கரையோரத்தில் ஊசித் துளை இருந்தால் கைத்தறி என்பார்கள். விசைத்தறியிலும் அகலம் பிடிக்கும் உருளை துளை போடும். ஊடை சீரில்லாமல் இருந்தால் கைத்தறி என்பார்கள்; நல்ல நெசவாளர் கையில் ஊடை சீராகவே விழும். நாடா இல்லாத நவீனத் தறித் துணியை மட்டும் கண்டுகொள்ளலாம்: கரையில் ஊடை திரும்பி வராமல், வெட்டிய நுனிகள் குஞ்சம்போல் நிற்கும், அல்லது உள்ளே மடித்துச் செருகப்பட்டிருக்கும். நாடா ஓடும் விசைத்தறித் துணியில் ஊடை கைத்தறிபோலவே திரும்பி வரும்.

வித்தியாசத்தைக் காட்ட வேண்டுமானால் கைத்தறியால் மட்டும் எளிதாகச் செய்ய முடிவதைச் செய்து காட்டுங்கள். உங்களுக்குப் பக்கத்திலுள்ள வெங்கடகிரியில் ஜம்தானி முறையில் ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனிச் சிறு தார் வைத்துக் கையால் செருகி நெய்கிறார்கள். துணியைத் திருப்பிப் பார்த்தால் பூவுக்குப் பூ நூல் ஓடியிருக்காது, பூ அளவிலேயே முடிந்திருக்கும். அதன் பக்கத்தில் இயந்திரத்தில் போட்ட பூப் புட்டாவின் பின்புறத்தை வையுங்கள். அதில் நூல் நீளமாகத் தொங்கும், அல்லது வெட்டிய நுனி தெரியும். இரண்டு துணியையும் பின்புறம் மேலே வரும்படி விரித்தாலே போதும். விசைத்தறிக்காரர்களைக் குறைத்துப் பேசுவது போல் எதையும் எழுத வேண்டாம். அதுவும் நெசவுத் தொழில்தான்.

கசவு (ஜரிகைக் கரை) முண்டுகளும் நேரியதும் (மேல்துணி) காட்சிக்கு வைக்கிறோம். ஜரிகை கறுக்காமல் இருக்க என்ன செய்யலாம்?
வாசகி, பாலராமபுரம்

ரப்பர் பேண்டைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். மடித்துக் கட்டிய இடத்தில் கோடு விழுந்தால் போகாது. இரும்புக் குண்டூசியும் வேண்டாம், ஒரு மழை நாளில் துரு இறங்கிவிடும். மூங்கில் கழியில் வெள்ளைத் துணி சுற்றி அதன் மேல் போடுங்கள். நேர் வெயிலும் சூடான விளக்கும் படக்கூடாது. மடிப்பை நாள்தோறும் மாற்றிப் போடுங்கள்.

சீட்டில் வெறும் 'கசவு' என்று எழுதாமல் எந்த ஜரிகை என்று எழுதுங்கள். பட்டு இழையில் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது ஒரு விலை, செம்புக் கம்பி சுற்றியது ஒரு விலை, பிளாஸ்டிக் படலத்தில் செய்தது ஒரு விலை. கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காமல், வாங்கிய இடத்தின் ரசீதைப் பார்த்து எழுதுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைக்கலாமா?
ஆசிரியை, கோவிந்தாபுரம்

உட்காரவைக்கலாம், ஆனால் காட்சித் தறியில் வேண்டாம். அவர்களுக்கென்று 12 அங்குல அகலத்தில் ஒரு சின்னச் சட்டம் செய்து, தடித்த நூலில் பாவு கட்டி, நாடாவைக் கையால் எறியும்படி வையுங்கள்.

கயிறு இழுத்து நாடா ஓடும் தறியின் இரண்டு பக்கவாட்டிலும் யாரும் நிற்கக்கூடாது. ஐந்தடி தள்ளிக் கயிறு கட்டிவிடுங்கள். நாடாவின் இரு முனையிலும் இரும்புக் கூர் இருக்கிறது. பறந்தால் கண்ணுக்கு ஆபத்து. பாவு தளர்ந்து வாய் சரியாகத் திறக்காதபோது, நாடா ஓடும் பலகையில் மேடு பள்ளம் இருக்கும்போது, கூர் மழுங்கி இழையில் மாட்டும்போது, மிதி முழுதாக இறங்கும் முன்பே கயிற்றை இழுக்கும்போது நாடா பறக்கும். காலையில் தறி ஓட்டும் முன் இந்த நான்கையும் பார்த்துவிடுங்கள்.

காளஹஸ்திக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இயற்கைச் சாயமும் சேர்த்துக் காட்ட ஆசை. எளிதாக எதைச் செய்யலாம்?
வாசகி, புத்தூர்

காளஹஸ்தி கலம்காரிக்கு (துணியில் இயற்கைச் சாயத்தால் கையால் எழுதும் ஓவியம்) ஒரு நாள் கண்காட்சி போதாது. கடுக்காயும் பாலும் ஊறவைப்பதில் தொடங்கி ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு துவைப்பு என்று நீளும். துண்டுத் துணிக்குச் சாயம் ஏற்றிக் காட்டுவது உங்கள் வசதிக்குள் வரும். 100 கிராம் துணியை முதலில் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துக் கஞ்சியைப் போக்குங்கள். பிறகு 2 லிட்டர் தண்ணீரில் 15 முதல் 20 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்து ஊறவைத்துக் காயவையுங்கள். அடுத்து 15 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீர். அதற்கப்புறம்தான் சாயம். கடுக்காயை விட்டுவிட்டால் பருத்தியில் படிகாரம் சரியாகப் பிடிக்காது. இரும்புப் பாத்திரத்தில் செய்தால் நிறம் கறுத்து மங்கும்.

மஞ்சளை எடுத்தவுடன் பளிச்சென்று வருகிறதே என்று முன்னால் வைத்துவிடாதீர்கள். வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

முறையாகப் பயிற்சி எடுக்க எங்கே போகலாம்?
பலர்

பாலக்காட்டுப் பக்கத்தவருக்குச் சேலத்திலும் கண்ணூரிலும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனங்கள் இருக்கின்றன. இரண்டு ஊரிலும் நெசவாளர் சேவை மையங்களும் உண்டு. நகரி, புத்தூர்க்காரர்களுக்கு வெங்கடகிரி நிறுவனம் அருகில்.

கண்காட்சி முடிந்ததும் மிச்சப் பாவை என்ன செய்வது? தறியைப் பிரித்தாக வேண்டும்.
வாசகி, கொழிஞ்சாம்பாறை

துணியை மட்டும் வெட்டி எடுங்கள், பாவை அச்சிலிருந்தும் விழுதிலிருந்தும் உருவிவிடாதீர்கள். அச்சுக்கு முன்னால் ஒரு சாண், விழுதுக்குப் பின்னால் ஒரு சாண் விட்டு நறுக்கி, இரண்டு பக்கமும் 20 இழைக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, அச்சையும் விழுதையும் ஒரு வெள்ளைத் துணியில் சேர்த்துச் சுருட்டிக் கட்டுங்கள். அடுத்த பாவை அந்த நுனியில் இழைக்கு இழை பிணைத்துக்கொள்ளலாம். 1,080 இழையை மறுபடி ஒவ்வொன்றாக விழுதுக் கண்ணில் கோக்க வேண்டியதில்லை.